வரைபடத்தைப் பிடித்து நின்றவர்

"செய்யப் போறதில்லேன்னா அப்புறம் எதுக்குத் தம்பி மேசையத் தட்டுறாங்க?"

பக்கிரிசாமி இதைக் கேட்டபோது அவர் கையில் புளி இருந்தது. பித்தளை வில்லையின் மேல் புளியைப் பூசி, சாம்பலைத் தூவி, கட்டைவிரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை முடித்து வந்தவன் என்று தெருவில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. அதனால்தான் என்னிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வில்லையைக் குழாயடியில் கழுவி, வேட்டி முனையால் ஒற்றி, சாயங்கால வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த வில்லைதான் அவருடைய உத்தியோகம். அதைச் சிவப்பு வாரில் கோத்து, வெள்ளைக் கோட்டின் இடது மார்பில் வந்து உட்காரும்படி மாட்டிக்கொள்வார். கோலாலம்பூரில் மாநிலத்துக்குச் சட்டம் செய்யும் கவுன்சில் கூடுகிற மண்டபத்தில் அவர் பியூன். வெள்ளைக்காரர்கள் வாயில் பியூன் என்றால் 'தம்பி'தான். மீசை முழுக்க நரைத்துவிட்டது, இருந்தாலும் நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய சின்னத் துரை "தம்பி!" என்று கூப்பிட்டால், "எஸ் சார்" என்று போய் நிற்பார். "எங்கப்பன் வச்ச பேரு எம்பொஞ்சாதிக்கு மட்டுந்தான் தெரியும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தப் பொஞ்சாதி பவுனம்மாள், "எனக்கும் மறந்துபோச்சு, நான் எங்க பேரச் சொன்னேன்?" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

மண்டபம் முழுவதும் கம்பளம் விரித்திருக்கும். சபை நடக்கும்போது காலடி கேட்கக்கூடாது. அப்படியே நடந்து நடந்து, அவருடைய குதிகாலுக்குச் சத்தம் போடுவதே மறந்துபோயிற்று. பாசாரில் மீன்காரியின் பின்னால் போய் நின்று "என்ன வெல?" என்றால் அவள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்புவாள். "யோவ், மனுசனா பூனையா நீ? இருமிக்கிட்டு வாய்யா!" என்பாள். காலால் மிச்சம் பிடித்த சத்தத்தையெல்லாம் வாயால் செலவழிப்பதுபோல, வீடு வந்ததும் உரக்கப் பேசுவார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீனர் கடைக்குப் பின்னால் வரிசையாக அறைகள் இருந்தன. கடைசி அறை அவருடையது. அவர் பேசினால் முதல் அறையில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை விழித்துக்கொள்ளும்.

சபை உறுப்பினர்களை அவர் அறிந்தது பேச்சால் அல்ல, தாகத்தால். தகரச் சுரங்க முதலாளி ஒருவர் சபைத் தண்ணீரைத் தொடமாட்டார். வீட்டிலிருந்து தேநீர் கொண்டுவருவார். தோட்டக்காரத் துரை ஒருவர், எழுந்து பேசுவதற்கு முன்னால் கிளாஸை ஒரே மூச்சில் காலிசெய்வார். அவர் கிளாஸ் காலியானால் எதையோ வேண்டாமென்று சொல்லப்போகிறார் என்று அர்த்தம். தமிழ் மெம்பர் ஒருவர் இருந்தார், வக்கீல். அவர் பேசி உட்கார்ந்த பிறகுதான் குடிப்பார்.

பேச்சு இங்கிலீஷில் நடக்கும். பக்கிரிசாமிக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரு கைப்பிடி. அதில் அவருக்கு மிகவும் பிடித்த வார்த்தை 'அட்ஜர்ன்'. தலைமை நாற்காலியிலிருந்து அந்த வார்த்தை வந்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். இவர் கிளாஸ்களை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டாலும் நடுவில் போய் நின்று, "போதும் போதும், அட்ஜர்ன்!" என்பார். சண்டைக்காரர்களுக்கே சிரிப்பு வந்துவிடும்.

வார்த்தை தெரியாவிட்டால் என்ன, கை தெரியுமே என்பது அவருடைய நினைப்பு. ஒருவர் பேசி உட்கார்ந்ததும் மற்றவர்கள் உள்ளங்கையால் மேசையைத் தட்டுவார்கள். சில நாள் இரண்டொரு கை தட்டும். சில நாள் மேசையே அதிர்ந்து மைக்கூடு குலுங்கும். மைக்கூடு குலுங்கினால் காரியம் முடிந்தது என்று அவர் வைத்திருந்தார். அதற்குக் காரணமும் இருந்தது. ஊரில் பெருவெள்ளம் வந்து வடிந்த பிறகு, ஆற்றங்கரையை உயர்த்துவதைப் பற்றிச் சபையில் பேச்சு நடந்தது. அன்று சிந்திய மையைத் துடைக்கவே அவருக்கு நேரம் போதவில்லை. சில மாதத்தில் மண்வெட்டியோடு ஆட்கள் வந்து கரையை உயர்த்தினார்கள். இன்னொரு முறை பள்ளிக்கூடக் கொட்டகைகளைப் பற்றி. அதற்கும் மேசை அதிர்ந்தது, கொட்டகையும் வந்தது. வராமல் போனவை எத்தனையோ இருந்திருக்கும். அவற்றை யார் நினைவில் வைத்தார்கள்?

சபை கூடுகிற நாளில் சாயங்காலம் குழாயடியில் கூட்டம் சேரும். "என்ன கவுன்சில்காரரே, இன்னிக்கி எதுக்குத் தட்டுனாங்க?" என்று கேட்பார்கள். ரயில்வேயில் வேலை செய்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள், பால்காரர்கள் எல்லோரும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் தட்டிக் காட்டிச் சொல்லுவார். பியூன் வேலையில் அவருக்குச் சம்பளம் சபையில், மரியாதை குழாயடியில்.

அவருக்கு ஒரே மகள், மாரியாயி. காப்பாருக்குப் போகிற வழியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை சடையன் அதிகம் பேசாதவன். மாமனார் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருப்பவன். இரண்டு பேரும் மரம் வெட்டினார்கள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். தலைப்பிரசவத்துக்கு மாரியாயி, வழக்கப்படி, தாய்வீட்டுக்குப் பிரிக்பீல்ட்ஸ் வந்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அவளுக்கே மிகவும் மோசமாகி, ஆசுபத்திரியில் கிடந்து பிழைத்தாள். "அடுத்தது ஒண்ணு உண்டானா ஆசுபத்திரி பக்கத்துலேயே இரும்மா" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள்.

இரண்டாவது உண்டானபோது ரப்பர் விலை விழுந்துவிட்டது. தோட்டங்கள் செலவைச் சுருக்கின. மாரியாயி இருந்த தோட்டத்தில் ஒரு சின்ன ஆசுபத்திரி இருந்தது, சில கட்டில்களும், மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற ஒரு டிரசரும். கட்டில்களைக் கட்டி வைத்து, டிரசரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல் என்றால் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியே கொய்னா மாத்திரை கொடுப்பார். மற்றதுக்கெல்லாம் கிள்ளான் பட்டணத்து ஆசுபத்திரி. கிள்ளானுக்கு மாட்டு வண்டியில் போகவேண்டும். ஆளும் குறைத்தார்கள். நாலு நாள் வேலைக்கு வரவில்லை என்றால் பேரை வெட்டி, ஊருக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், பயம் பரவியிருந்தது. வழக்கப்படி இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டில்தான். ஆனாலும் பவுனம்மாள் வழக்கத்தைப் பார்க்கவில்லை. "வயிறு எறங்குறதுக்குள்ள போயிக் கூட்டியாந்துருங்க. பேரு போனா போவுது" என்று தினமும் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் அழைத்து வருவதென்று முடிவாகி, மகளுக்குப் படுக்க ஒரு புதுப்பாய்கூட வாங்கியாகிவிட்டது.

அந்த வாரத்தில்தான் சபை கூடியது.

மண்டபத்துக்கு அடுத்த அறையில் கார்த்திகேசு என்று ஒரு கிளார்க் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஒரு பெரிய வரைபடத்தைச் சுருட்டிக் கொடுத்து, "பக்கிரி, இது கவனம். இண்டைக்கு ஆசுபத்திரிக் கதை. டாக்குத்தர் துரை வாறார். இதைச் சட்டத்திலை கொழுவிவிடும்" என்றார். வரைபடம் மாட்டுகிற சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. ஆணி அடித்த இடம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. சபை தொடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல், "தம்பி, நீயே பிடித்துக்கொள்" என்று சைகை காட்டினார்கள்.

மேல்கட்டையை இரண்டு கையாலும் தோளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பக்கிரிசாமி நின்றார். வரைபடம் கழுத்திலிருந்து முழங்கால்வரை தொங்கியது. மேலே நரைத்த மீசை, கீழே இரண்டு கால், நடுவில் மாநிலம்.

டாக்டர் துரை எழுந்து வந்து நெடுநேரம் பேசினார். அவர் சொன்னதைக் கார்த்திகேசு பிற்பாடு விளக்கியபோதுதான் தெருவுக்கு விஷயம் முழுசாகத் தெரிந்தது. தோட்டத்து ஜனங்கள் வைத்தியம் கிடைக்காமல் சாகிறார்கள். என்ன செய்யலாம் என்று மூன்று வழிகளைச் சபைமுன் வைத்தார். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்த்து ஒரே ஆசுபத்திரி கட்டச் சொல்லலாம். அல்லது, கிள்ளானில் கட்டில்களைக் கூட்டலாம். அல்லது, மருந்து, டிரசர், மருத்துவச்சியோடு ஒரு மோட்டார் வண்டியைத் தோட்டத்து ரோடுகளில் ஓடவிடலாம். ஒவ்வொரு வழிக்கும் வரைபடத்தில் இடம் காட்டினார். காஜாங் பக்கம் விரல் வைத்தார். பக்கிரிசாமியின் இடது கைக்குக் கீழே காகிதம் சலசலத்தது. தெலுக் பங்லிமா காராங் என்று கீழே குனிந்து காட்டினார், தொடையில் பட்டது. கடைசியாக மேலே வந்து, கடற்கரையை ஒட்டி ஓர் இடத்தில் விரலை ஊன்றினார். ஊன்றிய விரலை எடுக்காமலே பேசினார். அது பக்கிரிசாமியின் வலது விலாவில் அழுத்திக்கொண்டே இருந்தது. கூச்சமாக இருந்தது, வலித்தும் இருந்தது. அவர் அசையவில்லை.

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து ஜனங்களுக்கும் அந்த மோட்டார் நிற்குமா என்று ஒரு மலாய்ப் பிரபு கேட்டார். செலவு யார் தலையில் என்று சுரங்க முதலாளி கேட்டார். தோட்டக்காரத் துரை கிளாஸைக் காலிசெய்துவிட்டு எழுந்தார். அவர் உட்கார்ந்ததும் தமிழ் மெம்பர் எழுந்தார். அன்று அவர் குரல் உடைந்து உடைந்து வந்தது. பேச்சில் 'மதர்' என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. அது பக்கிரிசாமிக்குத் தெரிந்த வார்த்தை. வரைபடத்தண்டை வந்து, கடற்கரையில் அதே இடத்தில் அவரும் விரலை வைத்தார். அதே விலா.

அவர் உட்கார்ந்தபோது மேசை அதிர்ந்தது. தோட்டக்காரத் துரைகூடத் தட்டினார். மைக்கூடு ஒன்று உருண்டே போயிற்று. தலைமை நாற்காலியிலிருந்து சில வார்த்தைகள் வந்தன. கடைசியில் 'அட்ஜர்ன்' வந்தது. அந்தச் சில வார்த்தைகளில்தான் எல்லாம் இருந்தது. பக்கிரிசாமி அட்ஜர்னை மட்டும் கேட்டார்.

வரைபடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கார்த்திகேசுவிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தன் வலது விலாவைத் தொட்டுக் காட்டி, "ஐயா, இந்த எடம் எந்த ஊரு?"

கார்த்திகேசு சிரித்துவிட்டார். "உம்மடை விலாவிலை ஊரோ? கொண்டாரும் பாப்பம்." வரைபடத்தை விரித்து அவர் மேலேயே வைத்துப் பார்த்தார். "கிள்ளானுக்கு மேலை. காப்பார்ப் பக்கம். அங்கைதான் மருந்து, மருத்துவச்சியோடை மோட்டார் விடுறதைக் கதைச்சவை."

காப்பார்! மேசை அதிர்ந்ததைக் கண்ணால் பார்த்தாயிற்று. இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? சபையில் இத்தனை காலம் நின்றவன், சபை என்ன முடிவு செய்தது என்று இன்னொருவரிடம் கேட்பதா? அன்று பக்கிரிசாமி வீட்டுக்கு நடந்து வரவில்லை, ஓடிவந்தார். குதிகால் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

குழாயடியில் வாளி நெளிகிறமாதிரி தட்டிக் காட்டினார். "காப்பாரு ரோட்டுல மோட்டாரு வரப்போவுது! மருந்து, மருத்துவச்சி எல்லாம் வண்டிக்குள்ளேயே. லயத்து வாசல்ல வந்து நிக்கும்!"

பவுனம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "மோட்டாரு வந்தா வரட்டும். ஞாயித்துக்கெழம போயிப் புள்ளயக் கூட்டியாங்க."

"எதுக்கு? இங்க கூட்டியாந்தா அங்க பேர வெட்டிப்புடுவான். ரெண்டு பேரயும் கப்பல்ல ஏத்திப்புட்டான்னா நீ போயிப் பாப்பியா? வாசலுக்கே வைத்தியம் வருதுங்கறேன்."

"வந்த பெறவு பாத்துக்குவோமே. பாய வாங்கிட்டமே."

"அடியே, சபையில தட்டுனத நீ பாத்தியா, நான் பாத்தேனா?"

குழாயடி முழுவதும் சிரித்தது. பவுனம்மாளும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தோட்டத்துக்குப் போனார், மகளை அழைத்துவர அல்ல, செய்தி சொல்ல. கையில் ஒரு ரொட்டி டின்னும் மகளுக்கு ஒரு சேலையும் இருந்தன. மாரியாயி துணிமணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். முகம் வீங்கி, கால் வீங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, கெளம்பலாமா? ரயிலு எத்தன மணிக்கு?"

அவர் விஷயத்தைச் சொன்னார். லயத்துப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். ரொட்டி டின் மூடியைக் கழற்றி, அதன்மேல் தட்டி, துரைமார் தட்டிய விதத்தைக் காட்டினார். ஒவ்வொரு துரைக்கும் ஒவ்வொரு மாதிரித் தட்டினார். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எங்க தொர எப்படித் தட்டுவாரு, அதக் காட்டுங்க!" என்று ஒருத்தி கேட்டாள். "ஒங்க தொர மூடியத் தட்டமாட்டாரு, டின்னுக்குள்ள இருக்கற ரொட்டியத்தான் எடுப்பாரு" என்றார். அன்று அந்த லயம் அப்படிச் சிரித்தது.

மாரியாயி மட்டும் கேட்டாள்: "நெசமாவாப்பா?"

"காப்பாருன்னு கையி வச்சுக் காட்டுனாங்கம்மா. இங்க." அவர் மகளின் கையை எடுத்துத் தன் வலது விலாவில் வைத்தார். "இன்னம் வலிக்குது பாரு."

அவள் மூட்டையை அவிழ்த்தாள். சேலையை மட்டும் மடித்து மேலே வைத்தாள்.

பிறகு நடந்ததைச் சடையன்தான் சொன்னான். அவன் சொன்னது சில வார்த்தைகள்.

ஒரு நாள் காலையில், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு மணி அடிக்கிற நேரத்தில் வலி கண்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்த்தார்கள். பொழுது நன்றாக விடிந்தபோது பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை, நல்ல குரல். ஆனால் தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. கிராணி நல்ல மனுஷர். ரப்பர்ப் பால் வாளி ஏற்றப் போகிற மாட்டு வண்டியை நிறுத்தி, "டேய் சடையா, கிள்ளானுக்கு வண்டி தரட்டுமா?" என்று கேட்டார். சடையன் யோசித்தான். வண்டியில் போட்டால் குலுங்கும். மாமா சொல்லியிருக்கிறார், மாமா சபையில் இருக்கிறவர். "வேணாங்க ஐயா. மோட்டாரு வந்துரும்" என்றான். வண்டி பால் வாளிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அவன் மாரியாயியின் புதுச்சேலையை எடுத்துக்கொண்டு பெரிய ரோட்டுக்கு ஓடினான். எந்த மோட்டார் வந்தாலும் சேலையை வீசினான். துரையின் கார் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. ரப்பர் ஏற்றிய லோரி போயிற்று. ஒவ்வொன்றிலும் உள்ளே மருத்துவச்சி இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஒரு சீனருடைய மீன் லோரி தானாகவே நின்றது. பாஷை தெரியாத அந்த மனிதர், அவன் முகத்தைப் பார்த்து, மீன் கூடைகளை ரோட்டோரத்தில் இறக்கி வைத்துவிட்டு லயத்துக்கு வண்டியைத் திருப்பினார். கிள்ளான் ஆற்றுப் பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மாரியாயி, "மோட்டாரு வந்துருச்சா?" என்று கேட்டாள். "வந்துருச்சு, அதுலதான் போறோம்" என்றான் சடையன். பாலத்தைத் தாண்டும்போது அவள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து பக்கிரிசாமி வேலைக்குத் திரும்பினார். கிளாஸ்களைக் கழுவி வைத்துவிட்டுக் கார்த்திகேசுவின் மேசையருகே போய் நின்றார். வழக்கம்போல் சத்தமே இல்லை. கார்த்திகேசு தற்செயலாக நிமிர்ந்தவர் திடுக்கிட்டார்.

"என்ன ஐசே, பேய் மாதிரி!"

"ஐயா, காப்பாரு ரோட்டுக்கு மோட்டாரு எப்ப வரும்?"

"எந்த மோட்டார்?"

"ஆசுபத்திரி மோட்டாருங்க. அன்னிக்கி நான் படம் புடிச்சுக்கிட்டு நின்னேனே."

"ஓ, அதுவோ. அது இப்ப இல்லை. மூண்டு வழியையும் ஆராயச் சொல்லிக் கமிட்டிக்கு விட்டிட்டினம். வாற வருசம் பாப்பினம்."

"மேசையத் தட்டுனாங்களேய்யா."

"அது பேச்சு நல்லாயிருக்கு எண்டு தட்டுறது. அவர் நல்லாத்தானே கதைச்சவர்." கார்த்திகேசு பேனாவை மையில் தோய்த்தார். பிறகு ஏதோ தோன்றி நிறுத்தினார். "ஏன், ஆருக்கும் தேவையோ?"

"சும்மா கேட்டேங்கய்யா" என்று பக்கிரிசாமி சொன்னார். அன்று சுவரோரம் நின்று, கழுவிய கிளாஸ்களையே மறுபடி எடுத்துக் கழுவினார்.

சடையன் பேரும் அடுத்த ஆள்குறைப்பில் வெட்டப்பட்டது. எந்தப் பேருக்காக மாரியாயி லயத்தில் தங்கினாளோ அந்தப் பேர். கப்பலேறும் முன் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, "புள்ள இங்கயே இருக்கட்டும் மாமா" என்று சொல்லிப் பிள்ளையைப் பவுனம்மாள் மடியில் போட்டான். மாமனாரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பவுனம்மாளும் சொல்லவில்லை. 'நீ பாத்தியா, நான் பாத்தேனா' என்று அவர் கேட்டதை ஒருநாளும் அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவர் குழாயடியில் ஒருவரிடம் சொன்னாராம். அந்தப் புதுப்பாய் இன்னும் சுருட்டியபடி மூலையில் நிற்கிறது.

இப்போது சபை கூடுகிற நாளில் யாரும் வாளியை வைத்துவிட்டுக் காத்திருப்பதில்லை. "கவுன்சில்காரரே" என்று கூப்பிடுவதும் நின்றுபோயிற்று, "அண்ணே" என்கிறார்கள். வீட்டிலும் அவர் மெதுவாகவே பேசுகிறார். முதல் அறைப் பிள்ளை நன்றாகத் தூங்குகிறது. சண்டைக்கு நடுவில் போய் அட்ஜர்ன் சொல்ல ஆள் இல்லாததால், சண்டைகள் நீள்கின்றன.

போன வாரம் சபையில் மறுபடியும் ஆசுபத்திரிப் பேச்சு வந்தது. கமிட்டி ஆராய்ந்துவிட்டது; மூன்று வழிகளையும் இன்னும் ஒருமுறை எடைபோட்டார்கள். வரைபடத்துக்குப் புதுச்சட்டம் செய்தாகிவிட்டது. ஆனாலும் அன்று பக்கிரிசாமி, "நானே புடிச்சுக்கறேங்கய்யா" என்று கார்த்திகேசுவிடம் கேட்டு வாங்கிப் பிடித்தாராம். டாக்டர் துரையின் விரல் காஜாங்குக்குப் போயிற்று, தெலுக் பங்லிமா காராங்குக்குப் போயிற்று, கடைசியில் கடற்கரைக்கு வந்து வலது விலாவில் ஊன்றியது. தமிழ் மெம்பர் பேசினார். மேசை அதிர்ந்தது. இரண்டு கையும் கட்டையைப் பிடித்திருந்ததால் காதைப் பொத்திக்கொள்ள முடியாது. அவர் நேராக நின்றார் என்று கார்த்திகேசு சொன்னார். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வில்லையைத் தேய்த்துக்கொண்டே என்னை அந்தக் கேள்வி கேட்டது அன்று சாயங்காலம்தான். பேச்சைப் பாராட்டித் தட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்துபோயிற்று. அவர் கேட்டது அதை அல்ல. வில்லையைக் காயவைத்துவிட்டு, தவழ்ந்து வந்த பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். லெட்சுமி என்று பேர். தாத்தாவைக் கண்டால் அவளுக்குக் குதூகலம். வாயில் எச்சில் வழியச் சிரித்துக்கொண்டு, விரித்த உள்ளங்கையால் அவருடைய வலது விலாவில் தட்டினாள், மறுபடியும் தட்டினாள். பக்கிரிசாமி அந்தச் சின்னக் கையைப் பிடித்து, தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டார்.

இதைப் படித்தவர்கள், படிக்கத் தெரியாத தோட்டத்து ஜனங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கேட்டவர்கள் அடுத்த லயத்துக்குச் சொல்லட்டும். சபையில் மேசை அதிர்ந்தது என்று யாராவது வந்து சொன்னால், சந்தோஷப்படுங்கள். ஆனால் மோட்டார் வாசலில் வந்து நிற்கும்வரை, கிராணி கொடுக்கிற வண்டியை வேண்டாமென்று சொல்லாதீர்கள்.